இருபது மீட்டருக்குள் ஒரு மேடு

பெரியப்பா வீட்டுக் கூடத்தில் வரைபடத்தை விரித்தேன். விரித்த வேகத்தில் சுருண்டுகொண்டது. ஒரு மூலையில் மைலோ டின், இன்னொரு மூலையில் பெரியம்மாவின் மருந்து டப்பா, மூன்றாவதில் என் கைப்பேசி, நான்காவதில் பெரியப்பாவின் முழங்கால். அவருக்கு 74 வயது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் குனிந்து பார்த்தார்.

"இதுல நம்ம கொட்டாய் எங்க தம்பி?"

நான் பேனா முனையை ஒரு நீலத் திட்டின் ஓரத்தில் வைத்தேன். "இங்கதான் பெரிப்பா. இந்த ஈயக்குட்டைக்கு வடக்கால."

"இங்க ஒன்னுமே காணமே. வெறும் தாளாவுல இருக்கு."

"சின்னக் கொட்டாயெல்லாம் இதுல போடமாட்டாங்க பெரிப்பா."

"சின்னதா? முப்பத்து நாலு உருப்படி நிக்குது அங்க!"

அடுப்படியிலிருந்து பெரியம்மா சிரித்தது கேட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தத் தாளை நான் கொண்டுவந்ததே அவரைச் சமாதானப்படுத்தி வேறு இடத்துக்குக் கிளப்பத்தான்.

பீடோரில் எங்கள் குடும்பத்துக்கு மாடு என்பது மூன்று தலைமுறைக் கதை. நாமக்கல் பக்கத்திலிருந்து வந்த தாத்தா பால்மரம் வெட்டினார். பாட்டி மாடு வளர்த்தார். அந்தக் காலத்துத் தோட்டங்களில் இது புதிதல்ல. காலையில் பெரட்டு, மதியம் வரை மரம், பிறகு மாட்டுக்குப் புல். லயத்துக்குப் பின்னால் ஒரு கொட்டகை, பொங்கலுக்குக் கொம்பில் சாயம், டவுனுக்குச் சைக்கிளில் போத்தல் பால். இந்நாட்டுக் கால்நடைத் துறையினர் பேசும் இனங்களில் ஒன்றுக்கு ‘லோக்கல் இந்தியன் டெய்ரி’ என்றே பெயர். நம் ஆட்கள் கப்பலேறி வந்தபோது கூடவே வந்த மாடுகளின் வாரிசுகள் அவை. மனிதர்களுக்கு அடையாள அட்டை கிடைக்க எவ்வளவோ அலைந்த சமூகம் நம்முடையது. மாட்டுக்கு மட்டும் ‘இங்குள்ள இந்திய மாடு’ என்று சுலபமாகப் பெயர் கிடைத்துவிட்டது.

தோட்டம் ரப்பரிலிருந்து செம்பனைக்கு மாறியபோது மாடுகளுக்கு இடமில்லாமல் போனது. இளஞ்செம்பனையின் குருத்து மாட்டுக்குக் கரும்பு மாதிரி. மேனேஜர் ஏன் பொறுப்பார்? 1985 அக்டோபரில் உலக ஈயச் சந்தை விழுந்தது. விலையைத் தாங்கிப் பிடித்திருந்த அனைத்துலக ஈய மன்றத்திடம் பணம் தீர்ந்துபோக, பேராக்கில் லம்பங்கள் வரிசையாக மூடப்பட்டன. எங்கள் தோட்டத்துக்குப் பக்கத்து லம்பமும் அப்படித்தான் நின்றது. ஆள் போய், இயந்திரம் போய், குழியில் தண்ணீர் ஏறிக் குட்டையானது. சுற்றிலும் புல் முளைத்தது. 1987-இல் பெரியப்பா மாடுகளை அங்கே ஓட்டிக்கொண்டு போனார். யாரும் கேட்கவில்லை, யாரிடமும் அவர் கேட்கவும் இல்லை.

முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் கழித்துத்தான் ஒரு கடிதம் வந்தது. நிலத்தின் பெரும்பகுதி ஒரு நிறுவனத்துக்குக் கொடுக்கப்பட்டுவிட்டது. மூன்று மாதத்தில் காலி செய்ய வேண்டும். நியாயமாகச் சொன்னால் அவர்கள் மோசமாக நடந்துகொள்ளவில்லை. ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி, ஆற்றுப் பக்கமாக ஒரு துண்டு நிலத்தை மாட்டுக்காகத் தருவதாகவும் எழுதியிருந்தார்கள். பக்கத்திலேயே சாலை, தண்ணீர், புல். கடிதத்தோடு ஒரு நகல் வரைபடமும் இணைத்திருந்தார்கள்.

பெரியப்பா ஒரே வார்த்தையில் "வேணாம்" என்றார். ஏன் என்று கேட்டால், "அங்க மாடு நிக்காது" என்பார். அதற்கு மேல் பேச்சில்லை. ஷா ஆலாமில் இருக்கும் அவருடைய மகன் எனக்கு ஃபோன் செய்தான். "நீதான்டா மேப்பு படிச்சவன். வந்து எடுத்துச் சொல்லு. பிடிவாதம் பிடிச்சா இதுவும் போயிடும்."

நான் ஈப்போவில் கால்வாய், வடிகால் வடிவமைக்கும் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். சம உயரக் கோடுகளைப் பார்த்துத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று சொல்வதுதான் என் பிழைப்பு. நில அளவை, வரைபடத் துறையின் 1:50,000 தாளை விண்ணப்பித்து வாங்கிக்கொண்டு வந்தேன். இவை நீண்ட காலம் கட்டுப்படுத்தப்பட்ட ஆவணங்கள். அவசரகாலத்தில் காட்டுக்குள் போன ராணுவத்தினர் கையில் இருந்தவை இவற்றின் முன்னோர்கள்தானே. நினைத்தவுடன் கடையில் போய் வாங்கிவிட முடியாது. கூடவே, ஓய்வுபெற்ற சர்வேயர் ஒருவர் எனக்குத் தந்திருந்த பழைய ‘ஓரங்குலத் தாளின்’ நகல் ஒன்றும் கொண்டு போனேன். ஓர் அங்குலம் ஒரு மைல், அதாவது 1:63,360. கிலோமீட்டருக்கு மாறுவதற்கு முன் தீபகற்பத்தின் தாள்கள் அந்தக் கணக்கில்தான் வரையப்பட்டன.

இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது எனக்குப் பிடித்த வேலை. பீடோரை நடுவில் வைத்தால், கிழக்கே தித்திவாங்சா மலைத்தொடர். அங்கே பழுப்புக் கோடுகள் கட்டைவிரல் ரேகைபோல் நெருக்கியடித்துக் கிடக்கும். மேற்கே, தெலுக் இந்தான் பக்கம் போகப் போக ஒரு கோடுகூடக் கிடையாது. வெறும் சமவெளி. நடுவில் வடக்கு தெற்காகப் பழைய நெடுஞ்சாலை, தாப்பாவையும் சுங்காயையும் கோத்துக்கொண்டு போகும். புதிய தாளில் அதற்குத் துணையாக 1994-இல் முழுதாகத் திறந்த வடக்கு தெற்கு விரைவுச்சாலை. பழைய தாளில் எங்கள் தோட்டம் ரப்பர், அதில் லயங்கள் சின்னச் சின்னக் கறுப்புக் கட்டங்களாக இரண்டு வரிசை. புதியதில் அதே இடம் செம்பனை. கட்டங்கள் இல்லை. அப்பா பிறந்த வீடு எங்கே என்று யாராவது கேட்டால் பழைய தாளைத்தான் காட்ட வேண்டும்.

ஒரு சின்னச் செய்தி, இந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்கே பலருக்குத் தெரியாது. 1802-இல் சென்னை பரங்கிமலைப் பக்கத்தில் வில்லியம் லாம்டன் ஓர் அடிக்கோடு அளந்து தென்னிந்தியாவை முக்கோணம் முக்கோணமாக அளக்கத் தொடங்கினார். பின்னால் அந்த வேலை ஜார்ஜ் எவரெஸ்ட் கைக்கு வந்தது. பூமி எவ்வளவு உருண்டை, எவ்வளவு தட்டை என்று அவர் 1830-இல் போட்ட கணக்கைக் கொஞ்சம் திருத்தித்தான் மலாயாவின் வரைபடங்களுக்கும் பயன்படுத்தினார்கள். தாத்தா கப்பலேறும் முன்பே, அவர் ஊர் அளவுகோல் இங்கே வந்து சேர்ந்துவிட்டது.

பெரியப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு என் கைப்பேசியில் கொட்டகையைக் காட்டச் சொன்னார். பழைய தாளைப் படமெடுத்து ஒரு செயலியில் ஏற்றியிருந்தேன். நீலப் புள்ளி ஈயக்குட்டைக்கு நடுவில் போய் நின்றது.

"கொட்டாய் தண்ணிக்குள்ளயா இருக்கு?" என்றார்.

பழைய தாள்கள் பகாங்கிலுள்ள கெர்த்தாவு என்ற இடத்தை ஆதாரமாக வைத்து 1948-இல் அமைந்த கணக்கில் வரையப்பட்டவை. கைப்பேசி துணைக்கோளின் கணக்கில் பேசுகிறது. இரண்டுக்கும் நடுவே திருத்தம் செய்யாவிட்டால் நூறு மீட்டருக்கு மேல் விலகும். நான் திருத்தம் செய்ய மறந்திருந்தேன். வேலையிடத்தில் யாராவது இப்படிச் செய்திருந்தால் நானே திட்டியிருப்பேன்.

"சரி, நாளைக்கு என்னோட வா. நடந்து பாரு. அப்புறம் பேசுவோம்," என்று எழுந்துகொண்டார். முழங்கால் நகர்ந்ததும் தாள் மறுபடி சுருண்டது.

மறுநாள் காலை ஆறு மணிக்குக் கொட்டகையில் இருந்தேன். இருட்டு விலகவில்லை. பனியோடு சாணி வாசனை. இருபது ஆண்டுகளாக நான் அங்கே விருந்தாளி மாதிரி வந்து போகிறவன். ஒரு கிளாஸ் பால் குடிப்பேன், கன்றுக்குட்டியோடு பிள்ளைகளைப் படம் எடுப்பேன், ஈப்போவுக்குத் திரும்பிவிடுவேன். மாட்டின் பின்னால் நடந்து எத்தனையோ காலமாகிறது.

கதவைத் திறந்ததும் முன்னால் போனது ஒரு கிழட்டுப் பசு. அது போகும் வழியில்தான் மற்றதெல்லாம் போனது. பெரியப்பா கடைசியில். எனக்கு வியப்பாக இருந்தது அந்த வழிதான். குட்டையின் கரையை ஒட்டி நேராகப் போனால் மேய்ச்சல் இடத்துக்கு 300 மீட்டர். மாடுகளோ வடக்கே சுற்றி, ஒரு மணல்மேட்டில் ஏறி இறங்கி, பழைய சிமெண்ட் தூணைத் தொட்டுக்கொண்டு, அரைவட்டம் போட்டு வந்தன. என் தாளில் அந்த நேர்வழி, சமமான, புல் முளைத்த நிலம்.

ஏன் சுற்றுகின்றன என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும்.

அப்போது எனக்கு 11 வயது. 1995, பள்ளி விடுமுறை. பெரியப்பா டவுனுக்குப் போயிருந்தார். ஒரு செவலைக் கன்றை ஓட்டிக்கொண்டு வரச் சொல்லியிருந்தார். சுற்றிப் போகச் சோம்பல். நேரே விட்டேன். தரை காய்ந்து, பாளம் பாளமாக வெடித்திருந்தது, மேலே புல். என் கால் தாங்கியது. கன்றின் கால் தாங்கவில்லை. முதலில் முன்னங்கால் இரண்டும் போயின. அது எழ உதைத்துக்கொண்டபோது பின்கால்களும் போயின. மேலே ஆடை கட்டிய தயிர்போல், ஓர் அடிக்குக் கீழே எல்லாம் கொழகொழவென்ற சேறு. கயிற்றைப் பிடித்து இழுத்தேன். நானும் இடுப்பு வரை இறங்கியதும் கயிற்றை விட்டுவிட்டேன். தவழ்ந்து வெளியே வந்து கத்தினேன். ஆள் வருவதற்குள் கன்றின் மூக்கு மட்டும்தான் தெரிந்தது. பிறகு அதுவும் இல்லை.

பெரியப்பா அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. கிணற்றடியில் உட்காரவைத்துத் தலையில் தண்ணீர் ஊற்றினார். காது, மூக்கிலிருந்த சேற்றையெல்லாம் விரலால் எடுத்தார். "நீ வந்துட்ட இல்ல," என்றார். அந்தப் பேச்சை அதற்குப் பிறகு வீட்டில் யாரும் எடுத்ததில்லை. நானும்தான்.

அன்று அந்த மணல்மேட்டில் ஏறி நின்றபோதுதான் பெரியப்பா லம்பக் கதையைச் சொன்னார். தோட்டத்து வேலைக்கு நடுவே கொஞ்ச காலம் அவர் அங்கே கூலியாக இருந்திருக்கிறார்.

"இங்கதான் பாலோங் நின்னுச்சு தம்பி. அம்பதடி உசரம் இருக்கும். கீழ மண்ணுமேல தண்ணியப் பீச்சியடிப்பாங்க. கரைஞ்சு வர்றதப் பம்பு போட்டு மேல ஏத்துவாங்க. மரத்தொட்டியில ஓடி வரும். ஈயம் கனம் இல்லியா, அது அங்கங்க தங்கிடும். மத்ததெல்லாம் கடைசியில வந்து கொட்டும். மணலு கிட்டக்கயே விழுந்துரும். சேறு இருக்கே, அது லேசு. அது தூரமாப் போயிப் படியும்."

கையை நீட்டி, மேட்டிலிருந்து தொலைவு வரைக்கும் விசிறி மாதிரி ஒரு வளைவு போட்டார். நான் கல்லூரியில் படித்த பாடம் அது: கனமான துகள் அருகில், நுண்ணிய துகள் தொலைவில். பாலோங் நின்ற இடம் தெரிந்தால் எது கெட்டித் தரை, எது புதைசேறு என்று யோசித்தே சொல்லிவிடலாம். பாலோங்கின் மரச் சட்டத்தை என்றோ பிரித்து விறகாக்கிவிட்டார்கள். அது நின்ற இடம் எந்தத் தாளிலும் இல்லை. அவருக்கும் அந்தக் கிழட்டுப் பசுவுக்கும்தான் தெரியும்.

"மழைக்காலத்துல தண்ணி ஏறும்போது மாடெல்லாம் இந்த மேட்டுலதான் நிக்கும். கொட்டாயில முட்டிக்கால் தண்ணி. இங்க ஒரு சொட்டு வராது. அவங்க காட்டுற எடத்துல எங்க தம்பி நிக்கும்?"

சிமெண்ட் தூணைக் காட்டினார். அது பழைய பம்புக் கூடத்தின் கால். அதில் ஒரு பழுப்புக் கறை, தரையிலிருந்து இரண்டடி உயரத்தில். ஒருமுறை வந்த பெரிய வெள்ளம் விட்டுப்போன கோடு அது.

நான் மேட்டைப் பார்த்தேன். வீட்டில் விரித்த தாளை மனதில் பார்த்தேன். அந்த இடத்தில் தாளில் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை.

காரணம் எளிது. சம உயரக் கோடு என்பது ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களையெல்லாம் சேர்க்கும் கோடு. 1:50,000 தாளில் ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் உயர வித்தியாசம் 20 மீட்டர். ஆறேழு மாடிக் கட்டடத்தின் உயரம். மலைக்கு அது போதும். சமவெளியில் ஒரு கோடு முடிந்து அடுத்த கோடு வருவதற்குள் ஓர் ஊரே இருந்துவிடும். அந்த இடைவெளிக்குள் மூன்று மீட்டர் மேடு இருந்தாலும் இரண்டு மீட்டர் பள்ளம் இருந்தாலும் தாள் காட்டாது. தாள் பொய் சொல்லவில்லை. அத்தனை சின்னதைக் காட்டுகிறேன் என்று அது சொல்லவே இல்லை. அளவும் அப்படித்தான்: இரண்டு சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர். பெரியப்பாவின் கொட்டகை 20 மீட்டர் நீளம். தாளில் அது அரை மில்லிமீட்டர்கூட வராது.

இது எனக்குத் தெரியாததல்ல. தினமும் ஜூனியர் பையன்களுக்கு நானே சொல்லிக்கொடுப்பது. ஆனாலும் கடிதத்தோடு வந்த நகலைப் பார்த்ததும், ‘சமமான நிலம், சாலைக்குப் பக்கம், தண்ணீர் இருக்கிறது, இந்தக் கிழவர் ஏன் முரண்டு பிடிக்கிறார்’ என்றுதான் எனக்குத் தோன்றியது. வெறும் வெள்ளையாக இருந்ததைச் சமதரை என்று படித்துவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அலுவலகத்தில் அனுமதி வாங்கி, லெவல் கருவியையும் அளவுகோலையும் காரில் போட்டுக்கொண்டு வந்தேன். கோலைப் பிடிக்கப் பெரியப்பாவின் பேரன் வந்தான். படிவம் இரண்டு படிக்கிற பையன். முதல் மணி நேரம் உற்சாகம், அப்புறம் வெயில், அப்புறம் ஐஸ் மைலோ கேட்டான். கொட்டகைத் தரையைப் பூஜ்யமாக வைத்துக்கொண்டு, ஐம்பது மீட்டர், ஐம்பது மீட்டராகக் கருவியை நகர்த்தி, மதியத்துக்குள் அவர்கள் தருவதாகச் சொன்ன நிலம் வரை போய்ச் சேர்ந்தோம்.

பாலோங் மேடு, கொட்டகைத் தரையைவிட 2.8 மீட்டர் உயரம். தூணில் இருந்த வெள்ளக் கறை 0.6. ஆற்றுப் பக்கத்து நிலம் கொட்டகைத் தரையைவிட 1.6 மீட்டர் தாழ்வு.

அந்த எண்களை நோட்டில் எழுதியபோது என் கை கொஞ்சம் நின்றது. கறை சொல்லும் வெள்ளம் திரும்ப வந்தால் மேடு இரண்டு மீட்டருக்கு மேல் உலர்ந்து நிற்கும். அந்தப் புதிய நிலத்தில் அதே மட்டத்தை அப்படியே கூட்டினால் 2.2 மீட்டர் தண்ணீர். வெள்ளம் எல்லா இடத்திலும் ஒரே மட்டமாக நிற்காது, ஆற்றோடு சரிந்துகொண்டே போகும். அதற்காகத் தாராளமாகக் கழித்தாலும் மாட்டின் முதுகு மூழ்கும். சுற்றிலும் ஏறி நிற்க ஒரு கல்லுமில்லை.

"அங்க மாடு நிக்காது" என்று அவர் சொன்னதற்கு இதுதான் அர்த்தம். அவர் ஒரு மூச்சில் சொன்னதைச் சொல்ல எனக்குக் கருவியும் அரை நாளும் வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு நானும் அவரும் சேர்ந்து ஒரு வரைபடம் போட்டோம். 1:2,500. அரை மீட்டருக்கு ஒரு கோடு. மூன்று வார இறுதிகள் போயின. நான் மேடு பள்ளம் அளந்தேன், அவர் பின்னாலேயே வந்து பெயர் சொன்னார். பாலோங் மேடு. பம்புத் தூண். சீனன் தோட்டம், இப்போது அங்கே வெறும் கொய்யா மரங்கள். பீடோர்க் கொய்யா நாடு முழுக்கப் பேர் வாங்கியது, இந்த நாலு மரம் மட்டும் கேட்பாரில்லாமல் கிடக்கிறது. பாட்டி புல்லறுத்த வாய்க்கால். மாடு தண்ணீர் குடிக்க இறங்கும் துறை. எது கெட்டி, எது சேறு என்பதை அவர் கைத்தடியால் தட்டித் தட்டிச் சொல்ல, நான் கம்பி குத்திப் பார்த்துச் சரிபார்த்தேன். ஓர் இடத்தில் மட்டும் அவர் சொன்னது தப்பு. அதைக் கண்டுபிடித்ததில் எனக்கு வெட்கமில்லாத ஒரு சந்தோஷம். "மழையில காஞ்சிருக்கும்," என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டார். மழையில் எப்படிக் காயும் என்று நான் கேட்கவில்லை.

கூட்டத்துக்கு நிறுவனத்தின் ஆள் வந்தார். நில அலுவலகத்திலிருந்து ஓர் இளம் அதிகாரி வந்தார். பெரியப்பா வெள்ளைச் சட்டை போட்டு, நெற்றியில் விபூதி பூசிக்கொண்டு வந்து, கூட்டம் முடியும் வரை வாயே திறக்கவில்லை. வரைபடத்தைக் காட்டினால் உரிமை வந்துவிடும் என்று உறவுக்காரர்கள் சிலர் நினைத்துக்கொண்டிருந்தார்கள். வராது. நிலத்தோற்றம் காட்டும் வரைபடம் வேறு, எல்லைக்கல் காட்டும் அளவைத் திட்டம் வேறு. 1965-ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டப்படி, அரசு நிலத்தில் எத்தனை ஆண்டு இருந்தாலும் இருந்ததற்காக மட்டும் அது நம்முடையதாகிவிடாது. தோட்டத்துக் குடும்பங்களில் பலர் இதைக் கடைசி நாளில்தான் தெரிந்துகொள்கிறார்கள்.

நான் உரிமையைப் பற்றிப் பேசவில்லை. 2.8, 0.6, 1.6 என்ற மூன்று எண்களை மட்டும் பேசினேன். அதிகாரி வரைபடத்தைத் தன் பக்கம் திருப்பி, கோடுகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இந்த உயரமெல்லாம் யார் அளந்தது?" என்றார். சொன்னேன். லெவல் நோட்டையும் கேட்டு வாங்கிப் பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரிந்திருந்தது. பாலோங் மேடும் அதையொட்டிய மணல் பட்டையும் நிறுவனத்துக்குக் கொடுத்த எல்லைக்கு வெளியே, இன்னும் அரசு நிலமாகத்தான் இருக்கிறது என்று அவர்தான் கண்டுபிடித்துச் சொன்னார். அதற்குத் தற்காலிக உரிமத்துக்கு மனுச் செய்யலாமாம். கிடைத்தாலும் ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 31-இல் முடிந்துவிடும், மறுபடி புதுப்பிக்க வேண்டும். நிறுவனத்தின் ஆள் மூன்று மாதத்தை ஒன்பதாக்க ஒப்புக்கொண்டார்.

மனு கொடுத்திருக்கிறோம். பதில் வரவில்லை. மாடுகள் இன்றைக்கும் வடக்கே சுற்றித்தான் போகின்றன.

போன வாரம் அந்த வரைபடத்தைச் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். பெரியம்மா சாமி மேடைக்குப் பக்கத்திலேயே ஆணி அடிக்கச் சொன்னார். பெரியப்பா மாட்டவிடவில்லை. கண்ணாடியைக் கழற்றச் சொல்லி, தாளை வெளியே எடுத்து, மறுபடி தரையில் விரித்து, மைலோ டின்னை ஒரு மூலையில் வைத்தார். விரலை வைத்து ஒவ்வொரு பெயராகக் கூட்டிப் படித்தார். மேடு, தூண், துறை, வாய்க்கால். குட்டைக்கு வடமேற்கில் நான் ‘சேறு’ என்று மட்டும் எழுதியிருந்த இடத்தில் விரல் நின்றது.

"இதுக்குப் பேரு போடலியே."

"என்ன பேரு பெரிப்பா?"

"உனக்குத் தெரியாதா?"

நான் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"எழுது தம்பி. நாளைக்கு இந்தப் பையனும் மாடு ஓட்டுவான்."

செவலைக் குழி என்று எழுதினேன்.